இருபது வருடத் தடிமன்

7.7.86 திங்கள்

சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது. முற்றத்தில் காயப்போட்ட செத்தல் மிளகாய் விரித்த படங்கோடு கிளம்பப் பார்த்தது. நாலு மூலைக்கும் கல்.

வன்னியிலிருந்து லொறி. மேல் சாக்குகள் நல்லவை, அடிச் சாக்குகளில் ஈரம். "எல்லாம் ஒரே சரக்கு முதலாளி" என்றான் லொறிக்காரன். கையை முழங்கைவரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அவன் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். விலையை அவனே குறைத்தான். நான் விற்கிறபோது வெளிறின காயை மேலே போட்டு, சாக்கு வாயை அவிழ்த்துக் காட்டித்தான் விற்பேன். சாவகச்சேரிச் சந்தையில் மூட்டை சுமந்தவன் இன்று வீட்டோடு சேர்த்துச் சாக்கு அடுக்கக் கிட்டங்கி கட்டி வைத்திருப்பது அதனால்தான்.

கமலாவுக்குத் தொப்புளடி வீக்கம் பெருத்துவிட்டது. இருமினால் தேசிக்காய் அளவில் குடல் வெளியே தள்ளும். முன்பு படுத்தால் உள்ளே போய்விடும், இப்போது படுத்தாலும் போகப் பஞ்சிப்படுகிறது. நாளை யாழ். ஆஸ்பத்திரி கிளினிக்.

இரவுச் சாப்பாட்டில் அவளின் உத்தரவு:

"இஞ்சாருங்கோ, அங்கை வந்து தொய்வு கிய்வு எண்டு வாய் திறக்கப்படாது. தடிமன் எண்டால் காணும்."

இந்த வீட்டில் தொய்வு என்ற சொல்லுக்கு இடமில்லை, ஆஸ்மா என்ற இங்கிலீசுக்கும் இல்லை. கலியாணம் கட்டின புதிதில் மாமி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது: "தம்பி, பிள்ளைக்கு இடைக்கிடை தடிமன் வரும், பயப்பிடாதையுங்கோ." சாமத்தில் எழும்பியிருந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, தோள் இரண்டும் காதுக்கு ஏற மூச்சுக்கு இழுக்கிறதற்குப் பெயர் தடிமன் என்று அந்த மாதமே அறிந்துகொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாகத் தடிமன். மருந்துக் குளிசை பவுடர் ரின்னுக்குள் ஒளித்து. பிள்ளைகளுக்கும் அதே பாடம்.

இப்போது கூடுதல் காரணம், மூத்தவள் வசந்தி. அரியாலையில் பேச்சு நடக்கிறது. பொருத்தம் சரி, பெடியன் நல்லவன், பெண் பார்த்துவிட்டும் போனார்கள். மாப்பிள்ளையின் சின்னம்மா யோகம் மிஸ்ஸி அதே ஆஸ்பத்திரியில் நேர்ஸ், பெண்களின் ஒப்பரேசன் வாட்டில். "பரம்பரை வருத்தம்" என்று அவர் வாயில் ஒரு சொல் விழுந்தால் சம்பந்தம் அவ்வளவுதான் என்பது கமலாவின் கணக்கு.

எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கமலா தீர்மானித்ததைத் திருப்ப லொறி வேண்டும்.

8.7.86 செவ்வாய்

கிளினிக். சனம் வாசல்வரை. இளம் டொக்டர், மீசை இப்போதுதான் முளைத்தது போல. நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, "சத்தம் கேக்குதே அம்மா" என்றார்.

"தடிமன் தம்பி. சளி கட்டிப்போச்சு."

"எப்ப தொடக்கம்?"

"முந்தநாள்."

என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த போசாக்குப் படத்தைப் பார்த்தேன்.

துண்டில் எழுதித் தந்தார்: தடிமன் மாறியபின் ஒப்பரேசனுக்கு வரவும். அவர் பிழை ஒன்றுமில்லை. நாங்கள் கொடுத்த சரக்குக்குத் தக்க சீட்டு. சளி நெஞ்சோடு மயக்கமருந்து கொடுக்கமாட்டார்களாம், அதுவும் நியாயம்.

பஸ் கைதடி தாண்டினதும் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடிமன் மாறினாப்பிறகுதான் ஒப்பரேசன் எண்டால், எனக்கு அறுபதாங் கலியாணமும் முடிஞ்சிடும்."

"மெல்லமாய்க் கதையுங்கோ."

முன் சீற்றில் இருந்த மனுசி திரும்பினாள். "தடிமனோ அக்கா? கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறெடுத்துக் குடியுங்கோ. ரெண்டு நாளிலை பறந்திடும்."

கமலா முகத்தில் ஒரு அசைவு இல்லாமல், "ஓம் பிள்ளை, செய்து பாக்கிறன்" என்றாள். எத்தனை இலை, தேன் விடலாமோ என்றுகூட விசாரித்தாள். இவளைக் கடையில் வைத்திருந்தால் நான் இன்னும் இரண்டு கிட்டங்கி கட்டியிருப்பேன்.

9.7.86 புதன்

காற்று. தூசு. ஈரச் சாக்குகளைப் பிரித்து மறுபடி காயப்போட்டது.

வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அப்பா, அம்மா எனக்காகத்தான் மறைக்கிறா. எனக்கு அப்பிடி ஒரு கலியாணம் வேண்டாம்."

"கொம்மாட்டைச் சொல்லிப் பாரன்."

"சொன்னனான். தும்புத்தடி எடுத்து அடிக்க வந்தவ."

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அடுத்தமுறை கிளினிக்கில் நானே சொல்லிவிடுவேன். யோகம் மிஸ்ஸி இல்லாத நேரமாகப் பார்த்து, டொக்டரிடம் மட்டும். இரண்டு பக்கமும் பழுதில்லாமல் முடியும்.

வாங்கவேண்டியது: சணல் நூல், தராசுக்கு எண்ணெய், கமலாவின் குளிசை (பவுடர் ரின் வெறுமையாகப் போகிறது).

11.7.86 வெள்ளி, பகல். ஆஸ்பத்திரி, ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே வாங்கில் இருந்தபடி

டயறி பைக்குள் இருந்தது. சும்மா இருந்தால் கதவையே பார்க்கிறேன், எழுதினால் இல்லை.

ஞாயிறு அரியாலையார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை, எப்படியும் சாம்பிராணி போடுகிற நாள். வழக்கமாக வாசலில் ஒருமுறை காட்டுவது. இன்று வருகிறவர்களுக்காக வீடு முழுக்கப் போட்டிருக்கிறாள், அறை அறையாக, அலுமாரிக்குள்ளும், கிட்டங்கிக்குள்ளும். தணலை ஊதி ஊதி. நான் சந்தையில். வசந்தி சைக்கிளில் வந்து, "அப்பா, ஓடி வாங்கோ" என்றாள்.

வீடு முழுக்கப் புகை. கமலா குசினி நிலத்தில். இருமல், இழுப்பு, இருமல். அந்த இருமலில் குடல் வெளியே வந்து செருகிக்கொண்டது. தொட்டால் கல். வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி. நிறம் சாம்பல்.

சந்தியிலிருந்து மொறிஸ் கார், வசந்தியும் கூட. நாவற்குழிப் பக்கம் வெடிச்சத்தம் என்று டிரைவர் கைதடியில் நிறுத்தினார். நிறுத்தின இடத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று றோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அது எழும்பினதும் நாங்களும் வெளிக்கிட்டோம். ஏன் இதை எழுதுகிறேன்?

வாட். உடனே வெட்டவேண்டும், காத்திருந்தால் குடல் அழுகிவிடும் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். மயக்கமருந்துக்காரர் ஒரு பெண் டொக்டர். கட்டையான உருவம், கண்ணாடி, நடந்தால் சத்தம் வராது. கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் யோகம் மிஸ்ஸி, சேலைன் போத்தலைக் கொழுவிக்கொண்டு. இல்லாத நேரம் பார்க்கலாம் என்று நான் போட்ட திட்டத்தின் கதி அது.

"வேறை வருத்தம் ஏதும் இருக்கோ அம்மா?"

"ஒண்டுமில்லை. தடிமன்." விசில் ஊதுகிற மாதிரி மூச்சு.

"எவ்வளவு நாளாய்?"

"நேற்றிலையிருந்து."

டொக்டர் என்னைப் பார்த்தார். கமலாவின் கை என் மணிக்கட்டில், நகம் பதிய. யோகம் மிஸ்ஸி போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். "இருபது வரியத்துக்கு மேலை டொக்டர். அது தடிமன் இல்லை, தொய்வு. சோளகத்துக்குக் கூடும், புகைக்குக் கூடும், மிளகாய்த் தூசுக்குக் கூடும். குளிசை அவவின்ரை பையிலை, பவுடர் ரின்னுக்குள்ளை."

கமலா கையை எடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "மிஸ்ஸி, நான் முதல் கேட்ட மயக்க ஊசி வேண்டாம். அதுக்குப் பதில் கெற்றமின் எடுங்கோ. இழுப்புக்கு அமினோபிலினைச் சேலைனிலை தொடங்குங்கோ." மிஸ்ஸி "ஓம் டொக்டர்" என்று போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தோடு வியாபாரத்துக்கு வந்தால் என்னை விற்றுவிடுவார்.

தியேட்டர் ஆயத்தமாகும்வரை டொக்டர் விறாந்தையில் நின்றார். கிட்டப்போனேன்.

"டொக்டர், நான் யாவாரி. என்ன சாமான் எண்டு தெரியாமல் கை நீட்டமாட்டன். ஏன் ஊசியை மாத்தினியள்?"

சிரித்தார். "சுருக்கமாய்ச் சொல்லுறன். மூச்சுக்குழாய் மரம் மாதிரிக் கிளை விட்டுக்கொண்டு போகுது. சின்னக் கிளையளைச் சுத்தித் தசை இருக்கு, வளையம் மாதிரி. கையை மடக்கிற மாதிரி நாங்கள் நினைச்சு மடக்கிற தசை இல்லை. தன்ரை பாட்டிலை இறுகும், தன்ரை பாட்டிலை விடும். தொய்வுக்காரருக்கு அது சும்மா இருக்காது. புகை பட்டால் இறுகும். நான் தொண்டைக்குள்ளை குழாய் விடேக்கையும் இறுகும்."

"வழக்கமான ஊசி?"

"ஆள் நித்திரையாகும். வளையம் நித்திரையாகாது. குழாய் பட்டவுடனை பூட்டிச்செண்டால் நான் வெளியிலை நிண்டு காத்தை அமத்தி அமத்திப் பாக்கவேண்டியதுதான். உள்ளை போகாது."

"இப்ப எடுக்கச்சொன்னது?"

"இது நித்திரையும் குடுக்கும், வளையத்தையும் இளக்கும். ரெண்டு வழியாலை. உடம்பிலை இருக்கிற அட்றினலினை எழுப்பிவிடும். நாய் துரத்தினால் மூச்சு விரிஞ்சு குடுக்குதல்லோ, அது. மற்றது, தசையிலையே நேராய் வேலை செய்யும். தசை இறுகவேணுமெண்டால் அதுக்குள்ளை கல்சியம் போகவேணும். அதை உள்ளை விடாமல் மறிக்கும்."

"கல்சியம் எண்டால் வெத்திலைச் சுண்ணாம்பிலை கிடக்கிறதோ?"

"அதேதான்."

"முதுகிலை ஊசி போட்டு ஆளை முழிப்பாய் வைச்சு வெட்டினால் என்ன?"

"யோசிச்சனான். வெட்டு தொப்புளுக்கு மேலையும் போகும். மரத்துப்போறது நெஞ்சுவரை ஏறவேணும். இழுக்கிற ஆளுக்கு இழுக்கிற பெலத்தையும் எடுத்துப்போடும். அதோடை இவவாலை நீட்டி நிமிர்ந்து படுக்கேலாது, இருமிக்கொண்டிருக்கிறா."

"அப்ப உந்த ஊசியை ஏன் எல்லாருக்கும் போடுறேல்லை?" இவ்வளவு நல்ல சரக்கென்றால் எங்கேயோ ஈரம் இருக்கவேண்டும்.

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிறஷர் ஏறும். வாயிலை தண்ணி ஊறும், அதுக்கு வேறை ஊசி. முழிக்கேக்கை கனவு காணுவினம், அலட்டுவினம். என்ன நினைச்சுக்கொண்டு போகினமோ, கன நேரம் அதுதான் வரும். போய் மனிசியோடை நல்லதாய் ரெண்டு சொல்லுக் கதையுங்கோ."

போனேன். சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். நல்லதாய் என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "இஞ்சாரும், வசந்தியின்ரை கலியாணத்துக்கு மேளகாறரை இப்பவே பேசி வைப்பமோ?"

"எந்தக் கலியாணம்? அதைத்தானே இப்ப முறிச்சுப்போட்டியள். உங்களோடை எனக்குக் கதையில்லை."

அந்தச் சொல்லோடு தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நல்லதாய் இரண்டு சொல்.

வாங்கில் இருந்து யோசிக்கிறேன். சாக்கு வாயைச் சணல் கயிற்றால் கட்டி மழையில் விட்டால் கயிறு நனைந்து தானாக இறுகும். முடிச்சைத் தொடவே தேவையில்லை. காய்ந்தால்தான் இளகும். அந்தக் கயிறுதான் அவளுக்குள் ஆயிரக்கணக்கில். ஒரு கண்ணாடிக் குப்பியில் உள்ள தண்ணீர் போய் அத்தனையையும் இளக்கவேண்டும்.

சொன்னது சரி. மறுபடி கேட்டாலும் சொல்வேன். அவள் அந்த முகத்தோடு போனதுதான் மனதை அறுக்கிறது. அப்படியே திரும்பி வராவிட்டால், எங்கள் கடைசிக் கதை மேளகாறரைப் பற்றி.

கதவு திறந்தது. வேறு ஆருக்கோ.

அதே நாள், பின்னேரம்

இருக்கிறாள்.

டொக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "குழாய் போனவுடனை ஒருக்கால் சாடையாய் இறுகப் பாத்தது. பிறகு விட்டிட்டுது. மூச்சுக் குடுக்கிற பையை அமத்தினன், கையிலை பஞ்சு மாதிரி." வலக்கையை மூடித் திறந்து காட்டினார். "கல்லு மாதிரி நிக்கிற பையையும் நான் பிடிச்சிருக்கிறன். அதாலைதான் கேக்கிறனாங்கள், வேறை வருத்தம் இருக்கோ எண்டு."

குடல் கறுக்கவில்லையாம். உள்ளே தள்ளித் தைத்தாயிற்று.

வாட்டுக்குக் கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடித்துத் துடித்து ஓடின. வசந்தி பயந்து என் சேட்டுக் கையைப் பிடித்தாள். கமலா இரண்டு கையையும் தூக்கினாள், தட்டம் ஏந்துகிற மாதிரி.

"மேளகாறர் எங்கை? நேரம் போகுது. கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

வாட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அரியாலையாருக்கு வடை காணாது. உந்தப் பெட்டியைக் கொண்டு வாங்கோ. அங்காலை, அங்காலை. அவையின்ரை சின்னம்மாவுக்கு ரெண்டு வையுங்கோ, அவ மிஸ்ஸி."

யோகம் மிஸ்ஸி கட்டிலடிக்கு வந்து தூக்கின கையை மெல்லப் பிடித்தார். "ஓம் அக்கா. வடை வந்திட்டுது. நான் ரெண்டும் திண்டிட்டன். இப்ப படுங்கோ."

"தாலி கட்டியாச்சோ?"

"கட்டியாச்சு அக்கா."

"பரம்பரையிலை ஒருத்தருக்கும் தொய்வில்லை. எழுதித் தாறன்."

மிஸ்ஸி போர்வையை இழுத்து மூடிவிட்டு, வேறு நோயாளியிடம் போனார். பக்கத்துக் கட்டில் மனுசி என்னிடம், "அண்ணை, கலியாணம் எங்கை, கோயிலிலையோ வீட்டிலையோ?" என்று மெய்யாகவே கேட்டாள்.

வெட்கப்பட எனக்கு நேரமில்லை. கட்டிலுக்குக் கிட்டக் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. விசில் இல்லை. கலியாணம் கட்டின காலத்திலிருந்து, சோளக மாதத்தில் இப்படி ஒரு மூச்சை அவளிடம் நான் கேட்டதில்லை.

13.7.86 ஞாயிறு

மூச்சு திரும்பவும் கீச்சிடத் தொடங்கிவிட்டது, சாடையாக. டொக்டர் வந்தபோது கேட்டேன்.

"டொக்டர், இளக்கின கயிறு திரும்பவும் இறுகுதே?"

"ஊசி உடம்பை விட்டுப் போயிட்டுது. தொய்வு போகேல்லை. ஒப்பரேசன் நேரத்துக்கு இளக்கித் தாறதுதான் அதின்ரை வேலை." வாடகைக்கு எடுத்தது, விலைக்கு வாங்கினதில்லை. விளங்கிக்கொண்டேன்.

இன்னொன்று கேட்டேன். ஒப்பரேசனில் கைகால் அசையாமல் சோரப்பண்ணுகிற ஊசியும் போட்டதாக மிஸ்ஸி சொன்னார். அது போட்டால் அந்த வளையமும் சோராதோ, ஏன் தனியே கெற்றமின்?

"சோராது. அது கைகால் தசையின்ரை பூட்டு. மூச்சுக்குழாய்த் தசைக்கு வேறை பூட்டு, வேறை திறப்பு." பிறகு, "வீட்டிலை தூசு கூடவோ?" என்றார்.

"கிட்டங்கி வீட்டோடைதான் டொக்டர். செத்தல் மிளகாய்."

கமலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

அரியாலையார் இன்று வரவிருந்த நாள். வரவேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பவுமில்லை, அவர்கள் வந்ததாகவும் வீட்டிலிருந்து செய்தி இல்லை.

கமலா வசந்தியோடு கதைக்கிறாள், மிஸ்ஸிமாரோடு கதைக்கிறாள், பக்கத்துக் கட்டிலோடு கதைக்கிறாள். என்னோடு இல்லை. எனக்குச் சொல்லவேண்டியதை வசந்திக்குச் சொல்கிறாள், நான் பக்கத்தில் நிற்க: "கொப்பரைச் சேட்டு மாத்தச் சொல்லு."

15.7.86 செவ்வாய்

பொறுத்தது போதும் என்று யோகம் மிஸ்ஸியை விறாந்தையில் மறித்தேன். இரவு முழுக்க மனதுக்குள் எழுதி வைத்த பேச்சு.

"மிஸ்ஸி, அண்டைக்கு நான் சொன்னது உங்கடை காதிலையும் விழுந்தது. நீங்கள் போய்ச் சொல்லமுந்தி நானே அரியாலைக்கு வந்து சொல்லுறன். மனிசிக்குத் தொய்வு. பிள்ளைக்கு இல்லை, ஆனால் நாளைக்கு வருமோ வராதோ எண்டு நான் எழுதித் தரமாட்டன். விரும்பினால் எடுக்கட்டும், இல்லாட்டி விடட்டும்."

மருந்துத் தட்டத்தை யன்னல் விளிம்பில் வைத்தார். "அண்ணை, எங்களுக்கு அது முதலே தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பெண் பாக்க வந்த அண்டு அக்கா தேத்தண்ணியைத் தந்திட்டுக் கிணத்தடிக்குப் போனவ. நான் கால் கழுவ எண்டு பின்னாலை போனன். கமுகைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு மூச்சுக்கு இழுக்கிறா. நான் எத்தினை வருசம் மிஸ்ஸி, எனக்குச் செவிடே? வந்து, 'தடிமன் பிள்ளை' எண்டு சிரிச்சா. நானும், 'ஓம், காத்துக்கு எல்லாருக்கும்தான்' எண்டன்."

"வீட்டிலை சொன்னனீங்களோ?"

"அண்டிரவே. அத்தான், பெடியன்ரை தகப்பன், சொன்னார், 'வருத்தம் ஆருக்கு இல்லை, சொல்லுவினமோ எண்டு பாப்பம்' எண்டு. அவ்வளவுதான். பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

கேட்டேன். "வெள்ளிக்கிழமை நான் வாய் திறக்காட்டி?"

"நான் திறந்திருப்பன். கட்டிலிலை கிடக்கிற ஆளை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிற வேலையே இது?" தட்டத்தை எடுத்தார். "ஆனால் சம்பந்தம் அதோடை முடிஞ்சிருக்கும். நீங்கள் சொல்லுறியளோ எண்டுதான் போத்தலைப் பாத்துக்கொண்டு நிண்டனான். போத்தலிலை அண்டைக்கு என்ன கிடந்தது பாக்கிறதுக்கு?"

போகிறபோது திரும்பி, "வடை நல்லாயிருந்தது எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ" என்றார்.

ஆக, சாக்கு வாயை அவிழ்க்கிறேனா என்று பார்த்திருக்கிறார்கள். தராசில் நிற்கிறது நான்தான் என்று தெரியாமலே நின்றிருக்கிறேன். இத்தனை வருட யாவாரத்தில் என்னை ஆரும் இப்படி நிறுத்துப் பார்த்ததில்லை. கோபம் வரவில்லை. நல்ல கைகள்.

கமலாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு கிடந்தாள். பதில் வசந்திக்கு: "கொப்பருக்குச் சோறு குடுத்தாச்சோ எண்டு கேள்."

17.7.86 வியாழன்

சந்தை. வெங்காயம் வரவு இல்லை. ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து, படங்கிலிருந்த மிளகாயில் பாதி அடுத்த வளவில்.

சந்தைக்குப் பின்னால் அரிசி மில்காரரின் பழைய கொட்டில் வாடகைக்குக் கிடக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன். கூரை பரவாயில்லை. வீட்டிலிருந்து நல்ல தூரம். காற்று சந்தைப் பக்கமாக அடிக்கும், வீட்டுப் பக்கமாக இல்லை. பேசி முடித்தாயிற்று. கமலாவுக்குச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

19.7.86 சனி

தையல் வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். துண்டில் இந்தமுறை ஒழுங்காக எழுதியிருக்கிறது: தொய்வு, மயக்கத்துக்குக் கெற்றமின். எங்கே போனாலும் இதைக் காட்டவேண்டும் என்றார் டொக்டர். கமலா வாங்கினாள். பவுடர் ரின்னுக்குள் போடவில்லை. சாமித்தட்டில் வைத்திருக்கிறாள், விபூதிக்குப் பக்கத்தில். பார்த்தும் பாராதது போல் இருந்தேன்.

வசந்தி நேற்றே சாம்பிராணித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

அரியாலையிலிருந்து செய்தி. நாளை வருகிறார்கள்.

20.7.86 ஞாயிறு

காற்று இன்றும் விழவில்லை.

நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன், தாய், யோகம் மிஸ்ஸி, மாப்பிள்ளைப் பெடியன். பெடியன் கதிரை நுனியில். தகப்பன் வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாமல். தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறின மனிதர், அளந்துதான் கதைப்பார். சம்பிரதாயப் பேச்சு. மழை, தோட்டம், பஸ்.

மாப்பிள்ளையின் தாய் கமலாவைப் பார்த்து, "இப்ப தடிமன் எப்பிடி?" என்றார். நல்ல மனதோடு கேட்டாரோ, நோட்டம் பார்த்தாரோ, தெரியாது. வசந்தி தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் என் தேத்தண்ணிக்குள் பார்த்தேன்.

கமலா நிமிர்ந்து இருந்தாள்.

"தடிமன் இல்லை. தொய்வு. சின்ன வயசிலையிருந்து."

அந்தச் சொல்லைத் தன் வருத்தமாக அவள் வாயால் இன்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டு ஒருமுறை இருமினாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு நேரே, வசந்தி வழியாக இல்லை.

"இஞ்சாருங்கோ, என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? உந்த மிளகாய்ச் சாக்குகளை இஞ்சையிருந்து எடுங்கோவன். மனிசருக்கு மூச்சு முட்டுது."

"கொட்டில் எடுத்தாச்சு. நாளைக்கு வண்டில் வரும்."

"நாளைக்கு வண்டில் வாறதெண்டால் இண்டைக்கு வாசலுக்குக் கொண்டு வரேலாதோ?"

நான் எழும்ப, பெடியனும் எழும்பினான். அவன் எழும்பத் தகப்பன் தேத்தண்ணியை வைத்துவிட்டு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் மறிக்க மறிக்க, கிட்டங்கிக்குள் போய் முதல் சாக்கின் ஒரு தலைப்பைத் தூக்கிவிட்டார். சாக்குத் தூசு பறந்தது. மனிதர் விடாமல் தும்மினார், மூக்குக்கண்ணாடி நிலத்தில் விழும்வரை.

யோகம் மிஸ்ஸி கதவடியில் நின்று, சிரிப்பில்லாத முகத்தோடு கேட்டார்:

"என்ன அத்தான், தடிமனோ?"

முதலில் சிரித்தது கமலா. தைத்த இடத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "ஐயோ நோகுது, ஐயோ நோகுது" என்று சிரித்தாள். கண்ணீர் வந்தது. இழுப்பு வரவில்லை.